நன்றி சொல்ல மனம் வரவில்லை: நான் நன்றிகெட்டவளா?

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 3. திருமணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாமல், ஜெபித்துப் பெற்ற பிள்ளைகள். வேதத்தில் பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளைப் போல அழுதேன், ஆண்டவர் கேட்டார் என்று சபையில் சாட்சி சொன்னவள் நான். இன்றைக்கு அந்தச் சாட்சியை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து பிள்ளைகள் தூங்கும்வரை கத்திக்கொண்டேதான் இருக்கிறேன். பெரியவன் வீட்டுப்பாடத்துக்கு உட்கார மாட்டான். சின்னவளைக் குளிக்க வைக்கவும் முடியாது, குளிக்கப் போனால் வெளியே கொண்டுவரவும் முடியாது. சட்டையைப் போட்டு முடித்ததும் "வேற சட்டை" என்று தரையில் உருளுவாள். என் கணவர் நல்லவர். ஆனால் அவர் வீட்டுக்கு வரும்போது இருவரும் தூங்கியிருப்பார்கள். போன வாரம் பெரியவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்ட விதம் கண்ணைவிட்டுப் போகவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தாம்மா நீ சிரிக்கிற" என்று இன்னொரு நாள் சொன்னான்.

பெண்கள் ஜெபக் கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதேன். மூத்த சகோதரி ஒருவர், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்றுதானே வேதம் சொல்கிறது? பிள்ளை இல்லாதவர்களை நினைத்துப் பார், குறை சொல்ல மாட்டாய்" என்றார். அன்றிலிருந்து தினமும் இரவில் ஒரு நோட்டில் ஐந்து நன்றிகள் எழுதுகிறேன். எழுத எழுத எனக்கே பொய்யாகத் தெரிகிறது. நான் நன்றிகெட்டவளா? உண்மையான நன்றி எப்படி வரும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நன்றிகெட்டவர் இல்லை. நன்றாகக் களைத்துப்போயிருக்கிறீர்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் உங்களுக்கே குழப்பம் வந்திருக்கிறது. குடும்பநல ஆலோசகராக என்னிடம் வரும் பெற்றோர்களில் "நன்றியில்லாமல் இருக்கிறேனே" என்று அழுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல ஜெபித்துப் பிள்ளை பெற்றவர்கள்தான். கேட்டு வாங்கியதைப் பற்றிக் குறை சொல்ல உரிமை கிடையாது என்று ஒரு சட்டத்தைத் தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சட்டம் வேதத்தில் எங்கும் இல்லை.

அன்னாளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவள் ஜெபம் மறக்க முடியாதது. ஆனால் ஜெபித்துப் பெற்ற மகன் சாமுவேல் பால் மறந்ததும் அவனைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டுவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போனாள். "வேற சட்டை" என்று அவன் தரையில் உருண்டிருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது ஆலயத்தின் வயதான ஆசாரியர் ஏலிதான். ஆகையால் சாயங்கால வேளைகளுக்கு அன்னாளை முன்மாதிரியாக வைக்காதீர்கள். அதற்கு வேறொருவர் இருக்கிறார், பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மூத்த சகோதரி சொன்னதைப் பார்ப்போம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் சபைகளில் பரம்பரையாகச் சொல்லிவரும் ஆறுதல் அது. ஆனால் இல்லாதவர்களை நினைத்துப் பார்த்து நன்றி சொல்வது ஆபத்தான பழக்கம். இயேசு சொன்ன ஒரு கதையில் அப்படி நன்றி சொல்கிற ஒருவன் வருகிறான், லூக்கா 18-ல். ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போன பரிசேயன், மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் நான் இல்லாததால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். அதுவும் நன்றி ஜெபம்தான். ஆனால் நீதிமானாக வீடு திரும்பியது தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட அந்த ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன். இன்னொருத்தியின் வெறுமையான தொட்டிலை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகளுக்காக நன்றி சொல்ல ஆரம்பித்தால், உங்களுக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சும். அந்த இன்னொருத்திக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆறு வருடம் நீங்களே அந்த இன்னொருத்தியாக இருந்தீர்கள். உங்களை நினைத்து யாராவது "நல்லவேளை, எனக்கு அப்படி இல்லை" என்று ஸ்தோத்திரம் சொல்லியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அந்த வசனம். 1 தெசலோனிக்கேயர் 5:18 நமக்கு மனப்பாடம். அதற்கு நாலு வசனம் முன்னால் இருப்பதை யாரும் காலண்டரில் போடுவதில்லை: "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." பவுல் இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதவில்லை. உபத்திரவத்தில் இருந்த ஒரு சபைக்கு எழுதினார். அந்தச் சபையில் பலவீனரைத் தாங்க ஆட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறார். தாங்க வேண்டியவர்கள் தங்கள் வசனத்தை விட்டுவிட்டு 18-ஐ மட்டும் தூக்கி உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நீங்கள் அழுதபோது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது 14-ஆம் வசனம். 18 தானாக அதன் பின்னால் வந்திருக்கும்.

சரி, நான் சொன்ன அந்த வேறொருவர் மோசே.

எண்ணாகமம் 11-ஐ இன்றிரவு வாசித்துப் பாருங்கள். பிள்ளை வளர்ப்பு பற்றிய அதிகாரம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று அழுகிற ஒரு கூட்டத்தை நாள்தோறும் சமாளித்து ஓய்ந்துபோன ஒருவரின் குரல் அதில் இருக்கிறது. இந்த ஜனங்களையெல்லாம் கர்ப்பந்தரித்தேனோ, இவர்களைப் பெற்றது நானோ, பால் குடிக்கிற குழந்தையைச் சுமப்பதுபோல இவர்களை மார்பில் அணைத்துக்கொண்டு போ என்கிறீரே என்று மோசே நேராகக் கர்த்தரிடம் கேட்கிறார். "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது" என்கிறார். இப்படியே போவதானால் இப்போதே என்னைக் கொன்றுபோடும் என்றுகூடச் சொல்கிறார்.

இதற்குக் கர்த்தர் என்ன பதில் சொன்னார்? "எகிப்திலிருந்து உங்களை மீட்டேனே, நன்றியில்லையா?" என்று மோசேயைக் கேட்கவில்லை. மூப்பர் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். நீ ஒருவன் மாத்திரம் சுமக்காதபடிக்கு உன்னோடேகூட அவர்களும் சுமப்பார்கள் என்றார்.

வேதம் நன்கு தெரிந்தவர்கள் இங்கே என்னை மடக்கலாம். அதே அதிகாரத்தில் முறையிட்ட ஜனங்கள்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டதே, முறுமுறுக்காதீர்கள் என்று பிலிப்பியரிலும் இருக்கிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஜனங்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுதார்கள், எகிப்தே நன்றாக இருந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மோசே அதே அலுப்பைக் கர்த்தர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினார். புலம்பல் போய்ச் சேர்கிற விலாசம் வேறு. சங்கீதம் 13-ம் இப்படித்தான். மொத்தமே ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி முதல் நாலு வசனமும் முறையீடும் கெஞ்சலும்தான். நம்பிக்கையும் பாட்டும் கடைசி இரண்டில் வருகின்றன. நீங்கள் தினமும் இரவில் அந்த முதல் நாலைத் தாண்டிக் குதித்து நேரே ஐந்தாம் வசனத்தில் இறங்கப் பார்க்கிறீர்கள். நோட்டு பொய்யாகத் தெரிவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்டுக்கொள்ளும் முதல் காரியம், ஐந்து நன்றிகளை இப்போதைக்கு நிறுத்துங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரண்டு மூன்று வாக்கியம் போதும், நடந்ததை நடந்தபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். "ஆண்டவரே, இன்றைக்கு இவளைக் குளிப்பாட்டியபோது எனக்கு இந்த வீட்டைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. இவனைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. நான் ஒருத்தியாய்த் தாங்க முடியவில்லை." இப்படிச் சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கலாம். தாய் என்பவளுக்கு எரிச்சலே வரக்கூடாது என்று நாம் பழக்கப்பட்டுவிட்டோம். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனநல ஆய்விலும் பெயர் பெற்றவர், 1949-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சாதாரணமான, நல்ல தாய்க்குத் தன் குழந்தைமேல் வெறுப்பு வருவதற்கு 18 காரணங்களை வரிசையாக எழுதினார். அதில் ஒன்றை வாசித்துச் சிரிக்காத அம்மாக்களை நான் பார்த்ததில்லை: காலையெல்லாம் பாடாய்ப் படுத்திய குழந்தை, வெளியே போனதும் யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும், அவரும் "எவ்வளவு சமத்து!" என்பார். வெறுப்பு வந்தும் அதைப் பிள்ளைமேல் காட்டாமல் பொறுத்துக்கொள்கிறாளே, அதைத்தான் அவர் தாயின் பெரிய திறமையாகப் பார்த்தார். அன்பும் எரிச்சலும் ஒரே ஆளிடம், ஒரே மணி நேரத்தில் இருக்கலாம். ஆண்டவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

இரண்டாவது, அந்த 70 பேர். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி, "என் கணவர் நல்லவர்" என்பது. தாமதமாக வருகிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நல்லவர் என்றால் அவரிடம் கேட்கலாம். கேட்டிருக்கிறீர்களா? "எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வது கேட்பதாகாது. அதற்குப் பதிலாக உங்களுக்கு ஆறுதல்தான் கிடைக்கும், "நானும்தான் களைத்து வருகிறேன்" என்ற பதிலும் சேர்ந்து கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் முன்னதாக வர முடியுமா, முடிந்தால் எந்த இரண்டு நாள், அந்த நாட்களில் சின்னவளின் குளியல் முழுக்க அவர் பொறுப்பு, அவர் எப்படிச் செய்தாலும் நீங்கள் எட்டிப் பார்த்துத் திருத்த மாட்டீர்கள்: இப்படிக் கேளுங்கள். வேலை நேரத்தை மாற்றவே முடியாது என்றால் சனிக்கிழமை காலை முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்த நேரத்தில் தூங்குங்கள். துணி துவைக்க வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் விசுவாசக் குறைவான பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசியைப் பார்க்கச் சொல்வேன். போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கிவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து மறுபடி சாப்பாடுதான் கொடுத்தான். இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி மலையில், அதற்கு அப்புறம்தான் வருகிறது. தேவதூதனுக்கே அந்த வரிசை தெரிந்திருக்கிறது.

உங்கள் சாயங்காலத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். நாள் முழுவதும் நீங்கள் கத்துவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து பிள்ளைகள் தூங்கும்வரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்று பேருக்கும் பசி, மூன்று பேருக்கும் அசதி. 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதே பெரிய வேலை. தன்னைத்தானே அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவள் உங்களை எதிர்த்து உருளவில்லை, அந்த நேரத்தில் அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. இதற்குப் பொறுமை கேட்டு ஜெபிப்பதோடு அட்டவணையையும் கொஞ்சம் மாற்றலாம். வந்ததும் முதலில் எல்லாரும் ஏதாவது சாப்பிடுங்கள், நீங்களும்தான், நின்றுகொண்டே இல்லாமல் உட்கார்ந்து. சட்டை இரண்டைக் குளிக்கப் போகும் முன்பே காட்டி "இதுவா, அதுவா" என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தினமும் குளித்தே ஆகவேண்டுமா என்றும் யோசியுங்கள், ஈரத் துணியால் துடைத்துவிட்ட இரவுகளில் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை. பெரியவனின் வீட்டுப்பாடம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்து நிமிடம். முடியாமல் நின்றுபோனதை ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இதில் எல்லாம் நடக்காது. ஒன்றிரண்டு நடந்தாலே வீட்டுச் சத்தம் குறையும்.

"நான் நன்றியைப் பற்றிக் கேட்டேன், இவர் குளியலைப் பற்றிச் சொல்கிறார்" என்று நினைக்கிறீர்களா? இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அந்த ஒருவனைப் பற்றி லூக்கா எழுதும்போது, தான் ஆரோக்கியமானதைக் கண்டு, உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தினான் என்கிறார். முதலில் கண்டான். நடந்துகொண்டிருந்தவன் தன் தோலைக் குனிந்து பார்த்திருக்கிறான். நன்றி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பசியும் தூக்கக் கலக்கமும் தனிமையும் சேர்ந்து அழுத்தும்போது உங்களால் எதையும் பார்க்க முடியாது. அதனால்தான் உங்கள் பாரத்தைக் குறைப்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். இன்னொன்று, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டாரே ஒழிய, அவர்களுடைய சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை. நன்றி சொல்லத் தவறிய நாட்களுக்காக உங்கள் பிள்ளைகளை ஆண்டவர் பறித்துக்கொள்வார் என்ற பயம் உள்ளே எங்காவது இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் ஜெபித்துப் பெற்றவர்கள் பலர் கடைசியில், எழுந்து போகும் நேரத்தில், என்னிடம் மெதுவாகக் கேட்பது அதைத்தான்.

இப்போது நோட்டுக்கு வருவோம். அதைத் தூக்கிப் போட வேண்டாம், தினமும் எழுதவும் வேண்டாம். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2005-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். ஆறு வாரம் நன்றிப் பட்டியல் எழுதியவர்களில், வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரத்துக்கு மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் அது கடமையாகிவிடுகிறது போலும். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் எந்த ஐந்தை எழுதினீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் என்னால் ஊகிக்க முடியும்: நல்ல கணவர், நல்ல பிள்ளைகள், வேலை, வீடு, ஆரோக்கியம். அடுத்த நாளும் அதே ஐந்து. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு விஷயம், ஆனால் தேதியும் நேரமும் சொல்லும் அளவுக்குக் குறிப்பாக எழுதிப் பாருங்கள். "செவ்வாய்க்கிழமை சின்னவள் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சரியாகப் போட்டுவிட்டேன் என்ற பெருமையோடு நின்றாள். அன்றைக்கு எனக்குத் தாமதம், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது." இது பொய்யாகத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது.

கத்திய நாளின் இரவில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். லொயோலாவின் புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த ஒரு பழைய வழி இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமானது, மற்ற சபைக்காரர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய நாளை ஆண்டவரோடு திரும்பிப் பார்க்கும்போது முதலில் பெற்றுக்கொண்டதற்கு நன்றி. அப்புறம் நாளைத் தெளிவாகப் பார்க்க வெளிச்சம் கேட்பது. பிறகு ஒவ்வொரு நேரமாக நடந்ததைப் பார்ப்பது. தவறியதற்கு மன்னிப்பு. கடைசியில் நாளைக்காக உதவி. எனக்கு இதில் பிடித்தது, நன்றியும் தவறும் ஒரே உட்காரலில் வருவது. நன்றி சொல்வதற்காகக் கத்தியதை மறைக்க வேண்டாம், கத்தினேன் என்பதற்காகச் செருப்புச் சம்பவத்தை ரத்துசெய்யவும் வேண்டாம். முறையீட்டை முதலில் வைக்கச் சொன்னீர்களே, இதில் நன்றி முதலில் வருகிறதே என்று தோன்றலாம். இப்போதைக்கு முறையீட்டோடு இருங்கள். கொஞ்சம் தூங்கி எழுந்து, சில வாரம் கழிந்து மனம் ஒப்பினால் இந்த வழிக்கு மாறிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.

பெரியவன் விஷயத்துக்கு வருகிறேன். கை ஓங்கியதை நீங்கள் எழுதியது நல்லது. அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. இல்லையென்றால் இன்னும் காலம் தாழ்ந்துவிடவில்லை. "அன்றைக்கு அம்மா கை ஓங்கினேன். அது தப்பு. நீ பயந்திருப்பாய். இனிமேல் அந்த மாதிரி கோபம் வந்தால் நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன்." அவ்வளவுதான். "ஆனால் நீயும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே" என்ற வாலை அதோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் மன்னிப்பு விசாரணையாகிவிடும். சொன்னபடி பக்கத்து அறைக்குப் போகவும் வேண்டும். சின்னவள் பத்திரமான இடத்தில் இருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் விலகிவிட்டால் பிள்ளைகள் அழுவார்கள், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தாம்மா நீ சிரிக்கிற" என்பதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. அம்மாவின் சிரிப்பு எந்தக் கிழமையில் வருகிறது என்று கணக்கு வைத்திருக்கிற பிள்ளை அவன். அந்த வாக்கியத்தை உங்களிடமே வந்து சொல்லும் தைரியமும் அவனுக்கு இருந்திருக்கிறது.

குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது, பல வீடுகளில் நான் பார்க்கிற பழக்கம் இது: பகலில் திட்டி முடிக்காததை ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. "ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிகிற மனதைக் கொடும், தங்கச்சியை அடிக்காமல் இருக்க உதவி செய்யும், சொன்னதும் எழுத உட்காரக் கிருபை தாரும்." பிள்ளைக்குத் தெரியும் அது யாருக்குச் சொல்வது என்று. உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதியதில் இதுவும் அடங்கும் என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக, அவன் கேட்க, அவனுக்காக ஒன்றே ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள். அவன் செய்த நல்ல காரியமாக இருக்க வேண்டும் என்றில்லை. அவன் இந்த வீட்டில் இருப்பதற்காக என்றாலும் போதும். உண்மையாகச் சொல்ல வராத இரவில் அதைச் சொல்லாதீர்கள், கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிப் படுக்க வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருக்கிறது, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லை, பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, பசி மாறிவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை இருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் விசுவாசம் குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. உங்களையோ பிள்ளைகளையோ காயப்படுத்திவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். மோசே செத்துப்போனால் தேவலை என்றதைக் கர்த்தர் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, உடனே ஆள் சேர்க்கச் சொன்னார்.

பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போங்கள். அந்த மூத்த சகோதரிமேல் வருத்தம் இருந்தாலும் அவரைத் தவிர்க்க வேண்டாம். அவரிடம் வசனத்தை வைத்து வாதாடவும் வேண்டாம். அடுத்த தடவை பார்க்கும்போது, "அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து பெரியவனோடு உட்கார முடியுமா? நான் சின்னவளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். இப்படித் தெளிவாகக் கேட்டால் முடியாது என்று சொல்கிற அக்காக்கள் குறைவு. அவர் சரி என்றால் மற்ற 69 பேரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.